விளிம்பில் இரண்டு தடங்கள்

1

இந்தக் கதை ஒரு தொலைபேசி அழைப்பில் தொடங்கியது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பிறகு யாரும் தோண்டி எடுத்து, பெரியவர் மறைத்துவிட்டார் என்று சொல்ல வேண்டாம்.

அழைத்தவர், நான் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்த தொழிற்சாலையின் மலர்க்குழுவில் இருக்கும் பெண். என் தம்பி இந்த மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறான். அதற்கு ஒரு சிறு விழா மலர் போடுகிறார்கள். அதில் ஒரு பக்கம் முழுக்க அவனுக்குப் பெயர் வாங்கித் தந்த அமைப்பின் படம் வருகிறது. கேப்ஸ்யூல் காபி மெஷினில், காபி இறங்கி முடிந்ததும் பழைய கேப்ஸ்யூலைத் தானாக வெளியே தள்ளிவிடும் அமைப்பு.*

"படத்துக்குக் கீழ இருநூறு வார்த்தை வேணும் சார். அந்த யோசனை எப்படிப் பிறந்துச்சுன்னு. நீங்கதான் எழுதணும்னு தம்பி சார் சொல்லிட்டாரு."

"அவனே எழுதலாமே."

"கேட்டுப் பார்த்தோம். யோசனை எங்க அண்ணனோடது, நான் வரைபடம் போட்டேன், அவ்வளவுதான்னு சொல்றாரு. 'யோசனை'ன்னு போட்டு உங்க பேரையே போடச் சொல்றாரு. வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள்ள வந்துட்டா நல்லாயிருக்கும் சார்."

யோசனை என்னுடையது இல்லை. அதை அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது இதுதான்: "பார்க்கலாம்மா. எழுதி அனுப்பறேன்."

அவர்கள் கேட்டது இருநூறு வார்த்தை. வந்துகொண்டிருப்பது இது.

* 'தள்ளிவிடும்' என்று எழுதியிருக்கிறேன், பாருங்கள். அது தள்ளுவதே இல்லை. என் கை இன்னும் என் பழைய வழியிலேயே போகிறது. மூன்றாம், நான்காம் பகுதிகளில் புரியும். திருத்தாமல் விடுகிறேன்.

2

இதுவரை எழுதிக் கைவிட்ட தொடக்கங்கள்:

"எங்கள் குடும்பத்தில் எதிலும் மூத்தவன்தான் முந்துவான். படிப்பானாலும் சரி, தொழிலானாலும் சரி..." [நிறுத்திவிட்டேன். நான் அவனை முந்தியது கல்யாணத்திலும் வழுக்கையிலும் மட்டும்.]

"பொறாமை என்பது..." [இப்படித் தொடங்குகிறவர்களுக்கு அது வந்ததே இல்லை என்று அர்த்தம்.]

"என் தம்பி என் யோசனையைத் திருடிக்கொண்டான்." இது நன்றாக இருந்தது. இரண்டு பக்கம் தடையில்லாமல் ஓடியது. அந்தப் பக்கங்களில் தம்பிக்கு மெல்லிய மீசையும் யார் கண்ணையும் நேராகப் பார்க்காத பழக்கமும் கொடுத்திருந்தேன். சாப்பாட்டு மேஜையில் நான் வைத்திருந்த வரைபடத்தை அவன் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்கிறான். அந்த வரைபடத்தில் என்ன இருந்தது என்று எழுத வேண்டிய இடம் வந்தது. என்னிடம் இருந்த ஒரே வரைபடம் ஸ்பிரிங் வைத்தது. அதை யாரும் திருடமாட்டார்கள். வழியில் கிடந்தாலும் தாண்டிப் போய்விடுவார்கள்.

இரண்டு பக்கத்தையும் கிழித்தேன். மீசையும் போயிற்று. தம்பிக்கு மீசை கிடையாது.

3

பொருளைப் பார்க்காதவர்களுக்காக ஒரு விளக்கம். அந்த இருநூறு வார்த்தையில் இதையாவது ஒழுங்காக எழுதிவிடலாம்.

கேப்ஸ்யூல் என்பது காபித்தூளை அடைத்து மூடிய சின்ன அலுமினியக் கிண்ணம். வாயைச் சுற்றி மெல்லிய விளிம்பு உண்டு. மெஷினின் கைப்பிடியைத் தூக்கி அதை உள்ளே போட்டுக் கைப்பிடியை இறக்கினால், ஒரு குழிவான அறை முன்னால் வந்து அதைக் கவ்விக்கொள்ளும். ஊசி துளைக்கும், வெந்நீர் பாயும், காபி இறங்கும். தொல்லை அதற்குப் பிறகுதான். சூட்டில் உப்பிய கேப்ஸ்யூல் அந்த அறைக்குள்ளேயே ஒட்டிக்கொள்ளும். முதல் மாதிரிகளில் விரலை விட்டுத்தான் பிடுங்க வேண்டியிருந்தது. சோதனைப் பிரிவில் ஆறு பேருக்கு ஆள்காட்டி விரலில் கொப்புளம்.

பதினாலு வருடத்துக்கு முன்னால் தம்பி வடிவமைப்புப் பிரிவில் இருந்தான். அச்சுகளும் கருவிகளும் செய்கிற டூல்ரூமுக்கு நான் தலைமை. என் வழி நேரானது. அறையின் அடியில் ஒரு ஸ்பிரிங்கும் சிறு முளையும் வைத்துக் கேப்ஸ்யூலைப் பின்னாலிருந்து தள்ளுவது. என் கையாலேயே லேத்தில் கடைந்து பொருத்தினேன். நாற்பது தடவை அழகாகத் தள்ளியது. நாற்பத்தொன்றாவது தடவை ஸ்பிரிங் சுருள்களுக்குள் காபிச் சக்கை இறுகி, முளை அப்படியே நின்றுவிட்டது. சுத்தம் செய்து ஓட்டினால் மறுபடி ஒரு முப்பது.

"சக்கை போகாம ஒரு மூடி போட்டுடலாம்டா" என்றேன்.

"மூடி போட்டா மூடியில ஒட்டும் அண்ணே" என்றான். சொல்லிவிட்டு உடனே, "ஆனா போட்டுப் பார்ப்போம்" என்றான். அவன் பழக்கம் அது. நம் தலையில் தட்டிவிட்டு, தட்டின இடத்தைத் தடவியும் கொடுப்பான்.

4

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவன் மாதிரியைப் பையில் போட்டுக்கொண்டு என் வீட்டுக்கு வந்தான். சாப்பாட்டு மேஜையில் செய்தித்தாளை விரித்து மெஷினின் வயிற்றைப் பிரித்துப் போட்டோம். பக்கத்து அறையில் என் மனைவி தலையணை உறைகளை மாற்றிக்கொண்டிருந்தாள். கதவு திறந்திருந்தது. நான் முளையைத் தள்ளித் தள்ளிக் காட்டினேன். அவன் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தான்.

உள்ளேயிருந்து குரல் வந்தது.

"எதுக்கு அதைப் போய்த் தள்ளிக்கிட்டு? தலையணை உறை கழட்டறப்போ தலையணையையா தள்றோம்? மூலையைப் பிடிச்சுக்கிட்டு உறையை உருவறோம். தலையணை தானா விழுது."

"மெஷினுக்கும் தலையணைக்கும் என்ன? நீ உள்ள போ" என்றேன்.

தம்பி ஒரு கேப்ஸ்யூலை எடுத்து அதன் விளிம்பைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தான்.

நான்கு நாளில் புது மாதிரி வந்தது. அறையின் வாயருகே இரண்டு பக்கமும் சின்னப் பிளாஸ்டிக் உதடுகள். அவை விளிம்பைப் பிடித்துக்கொள்கின்றன. கைப்பிடியைத் தூக்கினால் அறை மட்டும் பின்னால் உருவிக்கொண்டு போகிறது. தாங்க ஒன்றுமில்லாத கேப்ஸ்யூல் அடியிலிருக்கும் பெட்டியில் விழுகிறது. டொக். பத்தாயிரம் தடவை ஓட்டினார்கள். பத்தாயிரம் டொக்.

"பிளாஸ்டிக் உதடு ஆறு மாசம் தாங்காது" என்றேன். அன்று நான் சொன்ன ஒரே பாராட்டு அது.

இங்கே கதைசொல்லி என்ற முறையில் எனக்கு ஒரு சிக்கல். தம்பி என்ற பாத்திரம் எடுபடவில்லை. இவ்வளவு நல்லவனை வாசகர்கள் நம்பமாட்டார்கள். அண்ணி சொன்னதைத் தன்னுடையதாக்கிக்கொண்டான் என்று எழுதினாலாவது ஒரு கறை இருக்கும். அவன் அதையும் செய்யவில்லை. யார் கேட்டாலும், எந்த மேடையானாலும், "எங்க அண்ணன் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில கிடைச்சது" என்பான். கொஞ்ச நாளில் அது "அண்ணன் சொன்னது" ஆயிற்று. அண்ணி சொன்னது என்று சொன்னால், அதற்கு அண்ணன் என்ன பதில் சொன்னார் என்பதையும் சொல்ல வேண்டிவரும். அதற்காகத்தான்.

குடும்பத்தின் மானத்தைக் காப்பது மூத்தவன் வேலை. எங்கள் அப்பா அதை என்னிடம்தான் ஒப்படைத்தார், அவனிடம் இல்லை. அந்த அமைப்புக்காகக் கம்பெனி அவனுக்குப் பரிசு கொடுத்ததில் எனக்குப் பொறாமை இல்லை. [பொய். இருந்தது. மூன்று வாரம் சரியாகச் சாப்பிடவில்லை.] ஆனால் அதைவிடப் பெரிய பொறாமை ஒன்று இருக்கிறது. என் வேலையையும் அவனே பார்த்துவிட்டான். என்னைவிட நன்றாகப் பார்த்துவிட்டான்.

5

இந்தப் பகுதியை எழுதாமல் விட்டால் கதை கண்ணியமாக இருக்கும். இரண்டு முறை விட்டுப் பார்த்தேன்.

நான் ஓய்வு பெற்ற அன்று தம்பி எங்கள் வீட்டுக்கு ஒரு மெஷின் கொண்டுவந்து வைத்தான். நான் அதில் குடிப்பதில்லை. இரும்பு வாசனை அடிக்கிறது என்று சொல்லிவைத்திருக்கிறேன். என் மனைவி தினம் இரண்டு முறை குடிப்பாள். சனிக்கிழமைகளில் அவன் வருவான். அண்ணியும் அவனும் சமையலறையில் நின்றபடியே குடிப்பார்கள், சிரிப்பார்கள். நான் கூடத்தில் செய்தித்தாளை விரித்துக்கொண்டு காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். டொக். கொஞ்ச நேரம் பேச்சு. டொக். என்ன சிரிப்பு என்று ஒருநாள் கேட்டேன். "ஒண்ணுமில்லீங்க, சும்மா" என்றாள். அந்தச் 'சும்மா'வுக்காக நான் என்ன வேண்டுமானாலும் கொடுத்திருப்பேன்.

பெட்டியைக் காலி செய்யும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். வீட்டில் உதவியாக இருக்கிறேன் என்று எல்லோரும் நினைத்தார்கள். டூல்ரூமில் வைத்திருந்த பூதக்கண்ணாடியை எடுத்து ஒவ்வொரு கேப்ஸ்யூலின் விளிம்பையும் பார்ப்பேன். அந்த இரண்டு உதடுகளும் பிடித்த இடத்தில், நகத்தால் அழுத்தியதுபோல இரண்டு தடங்கள் இருக்கும். ஒவ்வொன்றிலும் இருக்கும். என் தம்பி என் வீட்டில் தினமும் இரண்டு முறை கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான். ஒன்றாவது உள்ளே சிக்கிக்கொள்ளாதா என்று ஆறு வருடம் பார்த்தேன். சிக்கவில்லை.

போன மழைக்காலத்தில் ஒரு மத்தியானம், மனைவி தூங்கிக்கொண்டிருந்தபோது, ஒரு புதுக் கேப்ஸ்யூலை எடுத்தேன். அதன் விளிம்பை என் குறட்டால் பிடித்து மடக்கினேன். (குறடு என்றால் கடைக்காரருக்குத் தெரியாது, கட்டிங் பிளேயர் என்று கேட்க வேண்டும்.) மூடி ஓரம் கிழிந்து கொஞ்சம் தூள் உதிர்ந்தது. உள்ளே போட்டுக் கைப்பிடியை இறக்கி, காபி இறங்கியதும் தூக்கினேன். டொக் கேட்கவில்லை.

அந்த நிமிடம் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை எழுதக் கூச்சமாக இருக்கிறது. என் கல்யாணத்தன்றுகூட அவ்வளவு இல்லை.

மனைவி எழுந்து வந்து பார்த்துவிட்டுத் தம்பியை அழைத்தாள். அவன் சாயங்காலம் ஸ்குரூடிரைவரோடு வந்தான். கால் மணி நேரத்தில் வெளியே எடுத்தான். ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெளிச்சத்தில் திருப்பினான். என் குறட்டின் வாயில் ஒரு பல் இல்லை. அவன் வேலை பழகிய காலத்தில் கெட்டி இரும்பைக் கடிக்கவைத்து அவனே உடைத்த பல் அது. விளிம்பில் வரிசையாகக் குறட்டின் தடம், நடுவில் ஒரு இடைவெளி. அவனுக்கு அதைப் படிக்கப் பூதக்கண்ணாடி தேவையில்லை.

கேப்ஸ்யூலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

"உதடு தேஞ்சுபோச்சு அண்ணே. நீங்க அப்பவே சொன்னீங்க, பிளாஸ்டிக் தாங்காதுன்னு. நான்தான் கேட்கல. அண்ணி, அடுத்த வாரம் வேற மெஷின் கொண்டாந்துடறேன்."

அப்படித்தான் சொன்னான். தோற்றவனுக்கு வெற்றிக் கிண்ணத்தைக் கொடுத்துவிட்டு, கை தட்டிவிட்டுப் போனான்.

6

இதுவரை எழுதியதை நேற்று மனைவியிடம் கொடுத்தேன். பிழை பார்க்கத்தான் கொடுத்தேன். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, விரலால் வரி வரியாகத் தொட்டுப் படித்தாள்.

"ஞாயித்துக்கிழமைன்னு எழுதியிருக்கீங்க. நான் ஞாயித்துக்கிழமை உறை மாத்தவே மாட்டேன். அன்னைக்கு உங்களுக்கு என்னமோ லீவு. புதன்கிழமை."

"சரி, மாத்திடறேன்."

"'நீ உள்ள போ'ன்னு சொன்னதா எழுதியிருக்கீங்க."

"சொன்னேனே."

"நான் உள்ளதானே இருந்தேன். உள்ள இருக்கிறவள எப்படி உள்ள போங்கறது? 'உன்னைக் கேட்டமா'ன்னு சொன்னீங்க."

அவள் அடுத்த பக்கத்துக்குப் போனாள். ஐந்தாம் பகுதி. விரல் மெதுவாக இறங்கியது.

"குறடு கதையையும் போட்டுட்டீங்களா?"

"உனக்குத் தெரியுமா?"

"அதைக் கழுவி வெச்சது யாருன்னு நினைச்சீங்க? பல்லிடுக்கெல்லாம் காபித்தூள்."

"ஏன் கேட்கல?"

"கேட்டிருந்தா நீங்க என்ன சொல்லியிருப்பீங்க?"

பேச்சை மலர்க்குழுப் பெண் கேட்டதற்குத் திருப்பினேன். உன் பெயரைப் போடட்டுமா என்று கேட்டேன்.

"எதுக்கு? தலையணை உறை கழட்டினதுக்கா?" என்று சிரித்தாள். தாள்களைத் தட்டி அடுக்கினாள். எழுந்து சமையலறை வாசல் வரைக்கும் போனவள் நின்றாள். "போடறதா இருந்தா எம் பேரைப் போடுங்க. இன்னாரோட சம்சாரம்னு போட்டுடாதீங்க."

[புதன்கிழமை, 'உன்னைக் கேட்டமா', இரண்டையும் நான்காம் பகுதியில் திருத்தவில்லை. நான் எப்படி நினைவு வைத்திருந்தேன் என்பதும் தெரியட்டும்.]

7

இன்று வெள்ளிக்கிழமை. மணி பதினொன்று ஐம்பது. இருநூறு வார்த்தையைக் காலையிலேயே அனுப்பிவிட்டேன், அமைப்பு எப்படி வேலை செய்கிறது என்பதை மட்டும் எழுதி. 'யோசனை' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் இடம் விட்டிருக்கிறேன். அந்தப் பெண் அழைத்துக் கேட்பாள். என்னிடம் மூன்று முடிவுகள் இருக்கின்றன.

முதல் முடிவில் என் பெயர். விழாவில் தம்பி கை தட்டுவான், எல்லோரையும்விடப் பலமாக. மனைவி முன்வரிசையில் உட்கார்ந்திருப்பாள். வீட்டுக்கு வந்து எப்போதும்போல உறை மாற்றுவாள். யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். அதுதான் என்னால் தாங்க முடியாதது.

இரண்டாம் முடிவில் அவள் பெயர். உண்மை. ஆனால் பதினாலு வருடமாக மேடைக்கு மேடை 'அண்ணன் சொன்னது' என்று சொன்ன என் தம்பி, ஓய்வு பெறும் நாளில் பொய்யனாக எழுந்து நிற்பான். எனக்காகப் பொய்யனானவன். அப்படி அவன் நிற்பதைப் பார்க்க எனக்குள் ஒருவனுக்கு ஆசையாகவும் இருக்கிறது. அதனாலேயே இந்த முடிவை நான் எழுதினால், உண்மைக்காக எழுதினேனா, அவனைச் சாய்க்க எழுதினேனா என்று எனக்கே தெரியாது.

மூன்றாம் முடிவில் தம்பியின் பெயர். அவனே அடித்துவிட்டு என் பெயரை

[தொலைபேசி அடிக்கிறது.]

சமையலறையில் மனைவி கைப்பிடியை இறக்கும் சத்தம் கேட்கிறது. அவளுடைய இரண்டாவது காபி. ஐந்து முறை அடித்துவிட்டது. எடுக்கவில்லை. பதினாலு வருடத்துக்கு முன்னால் பக்கத்து அறையிலிருந்து வந்த கேள்விக்கே தப்பாகப் பதில் சொன்னவன் நான். பொறாமைக்காரன் வாயால் உண்மை வந்தாலும் அதில் ஒரு பல் குறைந்துதான் இருக்கும்.

உங்களுக்கு இப்போது எனக்குத் தெரிந்த எல்லாமே தெரியும். ஞாயிறில்லை, புதன் என்பது உட்பட. தொலைபேசியை நீங்கள் எடுங்கள். "யார் பேரு சார் போடறது?" என்று கேட்பாள். மரியாதையான பெண், அவசரப்படுத்தமாட்டாள். யார் பெயரைச் சொன்னாலும் நான் மறுக்கமாட்டேன். என் பெயரைச் சொல்வதாக இருந்தால், பக்கத்தில் ஒரு சின்னத் தடத்தையும் அச்சிடச் சொல்லுங்கள். வரிசையாகப் பற்கள், நடுவில் ஒரு இடைவெளி. மற்றவர்கள் அதை அலங்காரம் என்று நினைத்துக்கொள்வார்கள். இரண்டு பேர் மட்டும் சரியாகப் படிப்பார்கள்.

ஏழாவது முறை அடிக்கிறது. உள்ளே, டொக்.