பச்சை மாறாத வயல்

என் ஓரகத்தி கோதுமை விதைக்கு மருந்து கலந்ததைப் பார்த்து நான் வாய்விட்டுச் சிரித்தேன். டிரம்மில் விதையையும் சிவப்பு மருந்தையும் போட்டு உருட்டினாள். கையுறையைத் தாண்டி முழங்கை வரை சிவப்பு.

“என்னடி, கொலை பண்ணிட்டு வந்தவ மாதிரி நிக்கிற?”

“நாத்து அழுகாம இருக்கும்க்கா. உங்க விதைக்கும் கலந்து தரவா?”

நேற்று வந்தவளிடம் நான் கை நீட்டுவதா? வேண்டாம் என்றேன். இந்தத் தடவை யார் வயல் நன்றாக விளைகிறதோ, அவர்களுக்குத்தான் கிணற்றை ஒட்டிய நிலம் என்று மாமனார் சொல்லியிருந்தார். அந்த நிலத்தின் மேல் எனக்கு வெகுகாலமாகக் கண்.

வரப்புக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். அவளை முந்த வேண்டுமென்று யூரியா மொத்தத்தையும் விதைக்கும்போதே கொட்டினேன். முதலில் பச்சை கட்டியதும் என் வயல்தான். பிறகு அங்கங்கே நாற்று அழுகிச் சொட்டை விழுந்தது; மிச்சமும் வெளுத்தது. அவளோ அடியுரம் கொஞ்சம், முதல் தண்ணீரோடு கொஞ்சம், தூர் கட்டும்போது கொஞ்சம் என்று பிரித்துப் போட்டாள். அவள் பயிர் மதமதவென்று நின்றது. எனக்கு வயிறு எரிந்தது, சாப்பாடு இறங்கவில்லை.

கதிர் வந்த பிறகும் புதிதாக ஒரு மூட்டை யூரியா வாங்கித் தூக்கினேன்.

“இப்பப் போய் எதுக்குடி?” என்றார் கணவர்.

“அவ வயலப் பாத்தீங்களா? நம்மளுது சோகை பிடிச்ச மாதிரி நிக்குது!”

நானே வீசித் தண்ணீரும் பாய்ச்சினேன். வயல் கருகருவென்று பச்சையானது. அவளுடையதைவிடப் பச்சை! அன்றுதான் வயிறாரச் சாப்பிட்டேன்.

அறுவடை வந்தது. ஊரெல்லாம் கோதுமை பழுத்துக் கிடக்க, என் வயல் மட்டும் பச்சை. அறுவடை மெஷின்காரர் இறங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“இத அறுத்தா மாட்டுக்குத்தான்மா ஆகும்.”

மாமனார் அவள் மணியைக் கடித்தார், நொறுங்கியது. என் மணியை நகத்தால் அழுத்தினார், பால் வந்தது. அவள் பக்கம் திரும்பி, “கிணத்து நிலம் உனக்குத்தாம்மா” என்றார்.

“அதுல ரெண்டு பேரும் சேந்தே விதைக்கிறோம் மாமா,” என்றாள் அவள். “அக்கா, உரம் மட்டும் நான் சொல்றப்ப போடுங்க, போதும்.”

எல்லோரும் அவளைத்தான் பார்த்தார்கள். மாமனாருக்குக் கண் கலங்கிவிட்டது. நிலத்தை மட்டும் வாங்கிக்கொண்டு போயிருக்கக் கூடாதா? நல்லவள் என்ற பேரையும் அவளே கொண்டுபோய்விட்டாள்.