மூட்டைக்கு இடம் இருந்தது

முசிறித் துறையில் அந்தப் பருவத்தின் கடைசி யவனக் கப்பல் கிளம்புகிற நாள். பெரிய கப்பல் மணல்திட்டைத் தாண்டி ஆற்றுக்குள் வராது; மிளகை ஓடத்தில் கொண்டுபோய்த்தான் ஏற்ற வேண்டும். ஓடக்காரி சாத்திக்கு விடியலிலிருந்தே எரிச்சல். சுமக்க வந்தது ஒரே ஆள்.

அந்த ஆள் தியோன் என்ற யவனன். மூன்று வருடத்துக்கு முன் குளிர்காய்ச்சலில் கிடந்தவனை அவன் கப்பல்காரர்களே கரையில் போட்டுவிட்டுப் போனார்கள். கஞ்சி ஊற்றிப் பிழைக்க வைத்தவள் சாத்தி. ஊரில் அவனுடைய பெண் குழந்தை காத்திருந்தது. கப்பல்கள் ஊர் திரும்பும் காற்று வீசும்போதெல்லாம் கப்பல் கப்பலாகக் கெஞ்சுவான். எவனும் ஏற்றிக்கொள்ள மாட்டான். இந்தக் கப்பல் தலைவன் மட்டும், "முதலில் சரக்கு ஏறட்டும், பிறகு பார்க்கலாம்" என்றிருந்தான்.

"பாக்கலாம்னா என்னடா அர்த்தம்? இப்பவே ஏறி உக்காந்துக்க."

"கோவிச்சுக்குவான் அக்கா. வேலையப் பாத்தா மனசு எரங்குவான்."

"எரங்கிக் கிழிச்சான்!"

சொன்னால் கேட்கிற ஜென்மமா அது? பேய் பிடித்தவன்போல உழைத்தான். மாலைவரை இழுக்க வேண்டிய வேலை, உச்சி சாய்ந்ததுமே முடிந்துவிட்டது. தலைவன் வாயெல்லாம் பல்லாக அவன் தோளில் தட்டினான். இன்னும் ஒரு நடைக்குப் பொழுது இருக்கிறது, கரையில் மிளகு இருக்கிறதா என்று கேட்டான். இருந்தது. தியோன் அதையும் சுமந்து வந்தான்.

கடைசி மூட்டையை மேலே ஏற்றிவிட்டு, தன் துணிமுடிச்சோடு நூலேணியைப் பிடித்தான். தலைவன் மேல்தளத்தைக் காட்டிக் கையை விரித்தான். எள் விழ இடமில்லை. பாய்மரத்தடியில் ஒரு ஆள் படுக்கிற அளவு காலையில் காலியாகக் கிடந்ததைச் சாத்தியே பார்த்திருந்தாள். இப்போது அங்கே நான்கு மூட்டை.

"அந்த நாலையும் எறக்குய்யா! நான் திருப்பிக் கொண்டுபோறேன். மனுசனவிட மிளகு ஒசத்தியா ஒனக்கு?" என்று கத்தினாள். தியோன் அதை யவன மொழியில் சொன்னான். தலைவன் அதற்குள் முதுகைக் காட்டிவிட்டான். நங்கூரம் ஏறியது.

திரும்பும் வழியில் சாத்தி துடுப்பை ஓங்கி ஓங்கிப் போட்டாள். கப்பல்காரனைத் திட்டினாள், காற்றைத் திட்டினாள், கடைசியில் எதிரே குனிந்து உட்கார்ந்திருந்தவனிடம் வந்தாள்.

"பாவி, கொஞ்சம் மெதுவாத் தூக்கித் தொலைச்சிருக்கக் கூடாதா?"

தியோன் தோளில் அப்பியிருந்த மிளகுத் தூசியைத் தட்டினான்.

"வேகமாத் தூக்கினா சீக்கிரம் போயிரலாம்னு நெனச்சேன் அக்கா."