ஆறு பந்து

கையெழுத்துப் போட்ட நாகலட்சுமி பேனாவைத் திருப்பிக் கொடுக்கவில்லை. கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினாள். நீட்டிய கையோடு நின்றிருந்த வார்டு சிஸ்டர் அந்தக் கையோடு மற்ற கையையும் சேர்த்து ஆறு விரல் காட்டினாள்.

"ஆறு மணி. அதற்குள் அவர் கட்டிலில் இருக்க வேண்டும். வெளியே ஏதாவது ஆனால் நாங்கள் பொறுப்பில்லை. அதற்குத்தான் கையெழுத்து."

"படித்துவிட்டுத்தான் போட்டேன்," என்றாள் நாகலட்சுமி, தனக்குத் தெரிந்த ஜெர்மனில்.

டாக்ஸிக்காரன் சக்கர நாற்காலியைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினான். போடா என்று விட்டுவிட்டு அவளே தள்ளத் தொடங்கினாள். மருத்துவமனையிலிருந்து அமெரிக்கப் பட்டாளத்து மைதானத்துக்கு இரண்டு கிலோமீட்டராவது இருக்கும். ஜூலை வெயில். புடவைக்குக் கீழே கான்வாஸ் ஷூ. வழியில் போனவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டுமே, யாருக்கு என்ன!

"கை வலிக்கும் நாகு. கொஞ்சம் நில்லேன்."

"நின்னா முதல் பந்து போயிடும். அப்புறம் ராத்திரி பூரா அதையே சொல்லிப் புலம்புவீங்க."

நாற்காலியில் இருந்த கணவன் ரகுநாதன் சிரித்தான். நாற்பத்திரண்டு வயதில் அவன் உடம்பு பள்ளிக்கூடப் பையன் உடம்பாகியிருந்தது. ஹைடெல்பர்க் ஆய்வுக்கூடத்தில் ஆறு வருஷம் கண்ணாடிக் குடுவைகளோடு மாரடித்தவனுக்கு ரத்தத்தில் நோய். சில வாரங்கள் என்று டாக்டர் போன திங்கட்கிழமை சொன்னார். அதைக் கேட்ட பிறகு அவன் ஒரே ஒரு ஆசையைத்தான் வாய்விட்டுச் சொன்னான். ஊருக்குப் போகணும் என்றல்ல. கோயில் குளம் என்றல்ல. பழைய பேப்பரில் ஒரு விளம்பரத்தைக் காட்டி, "சனிக்கிழமை பேஸ்பால் மேட்ச். எல்லாரும் போலாமாம். பாதிப் பேர் காசு வாங்கி ஆடுறவங்க, பட்டாளத்துக்கு இழுத்துட்டு வந்துட்டாங்க. மட்டையில பந்து படற சத்தம் கேட்டு ஆறு வருஷமாச்சு நாகு," என்றான்.

கிரிக்கெட் பைத்தியம் என்றால் அப்படி ஒரு பைத்தியம். ஆனால் ஆடத் தெரியாது. திருச்சியில் கல்லூரி அணிக்கு அவன் ஸ்கோர் எழுதுகிறவன். மூன்று வருஷம் மர நிழலில் உட்கார்ந்து, அடுத்தவன் அடித்த ரன்னை எல்லாம் மணிமணியாக எழுதியவன். கல்யாணமாகி வந்தபோது அவள் பார்த்த அவன் சொத்து அந்த நீள நோட்டுப் புத்தகங்கள்தான். கடைசி நோட்டில் பாதி காலியாக இருந்தது. அது இப்போது அவன் மடியில் இருந்தது.

மைதானத்தில் மரப் பலகைப் படிகளுக்குப் பக்கத்தில் நாற்காலியை நிறுத்தி, பிரேக்கைப் போட்டு, பக்கத்துப் பலகையில் உட்கார்ந்து, அவன் கையில் பேனாவைக் கொடுத்தாள்.

"இது யாருதுடி?"

"அந்த சிஸ்டரோடது. எழுதுங்க, ஆரம்பிச்சுட்டாங்க."

ரன் வராத பந்துக்கு ஒரு புள்ளி. ஒரு கட்டத்துக்கு ஆறு புள்ளி. ஆறாவது பந்து விழுந்ததும் ரகுநாதன் இருந்த பலத்தையெல்லாம் கூட்டி, "ஓவர்!" என்றான்.

முன்வரிசையில் வைக்கோல் தொப்பி போட்டிருந்த அமெரிக்கப் பெண்மணி திரும்பினாள். "ஓவரா? இப்போதுதானே ஆரம்பித்திருக்கிறது!"

அவனுக்கு வெட்கமாகிவிட்டது. பிறகு விளக்க ஆரம்பித்துவிட்டான். விளக்கச் சொன்னால் விடுவானா? எங்கள் ஆட்டத்தில் ஆறு பந்துக்கு ஒருதரம் ஓவர் என்போம், முடிந்தது என்று அர்த்தமில்லை, அடுத்த ஓவரை எதிர்ப் பக்கத்திலிருந்து போடுவார்கள் என்றான். அந்தப் பெண்மணி பாதி புரிந்து, தன் பொட்டலத்திலிருந்து வறுத்த கடலையை நீட்டினாள்.

"இங்க அப்படிக் கணக்கே கிடையாதாம். எதுக்கு ஆறு ஆறா பிரிக்கிறீங்க?" என்றாள் நாகலட்சுமி.

"எனக்கு வேற மாதிரி எழுதத் தெரியாதே."

ஒருவன் பந்தை ஓங்கி அடித்துவிட்டு மட்டையைக் கீழே போட்டு ஓடினான். ரகுநாதன் பதறினான். "ஐயோ, மட்டையைப் போட்டுட்டுப் போறானே! எதை வெச்சுக் கோட்டைத் தொடுவான்?"

"காலு இருக்கு, தொடுவான். நீங்க எழுதுங்க."

இரண்டு மணி நேரம் அவனுக்கு நோயே இல்லை. அவள் டப்பாவில் கொண்டுவந்திருந்த ரவை உப்புமா மூன்று கரண்டி சாப்பிட்டான். வார்டில் ஒரு கரண்டிக்கு மேல் இறங்கியதில்லை. அவள் ஆட்டத்தைப் பார்க்கவில்லை, அவன் தாடை அசைவதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். சந்தோஷமாக இருந்தது. இதை யாரும் என்னிடமிருந்து பிடுங்க முடியாது என்று நினைத்தாள்.

ஐந்தேகால் மணிக்கு இந்த ஆட்டத்துக்கு உண்டான ஒன்பது இன்னிங்ஸும் முடிந்தது. இரண்டு பக்கமும் மூன்று ரன். நாகலட்சுமி டப்பாவை மூடினாள்.

"டிரா. கிளம்பலாமா?"

தொப்பிக்காரி திரும்பினாள். "டிராவா? எங்கள் ஆட்டத்தில் அதெல்லாம் கிடையாது. யாராவது ஜெயிக்கிற வரைக்கும் ஆடுவார்கள்."

"எத்தனை நேரமானாலுமா?" என்று கேட்டான் ரகுநாதன்.

"எத்தனை நேரமானாலும்."

அவன் மனைவியைப் பார்த்தான். கேட்கவில்லை. அந்த மனுஷன் எதையும் கேட்டதில்லை, அதுதான் கஷ்டமே. உதடு நீலமாக இருந்தது. சிஸ்டரின் விரல்கள் அவள் கண்முன் வந்தன. இப்போது எழுந்தால் நேரத்துக்குக் கட்டிலில் சேர்த்துவிடலாம். சேர்த்து? அந்த வெள்ளைச் சுவரைப் பார்த்துக்கொண்டு, யார் ஜெயித்தார்களோ என்று கிடப்பான்.

நாகலட்சுமி கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டாள்.

"எழுதுங்க," என்றாள்.

"கண்ணு எரியுது. நீ எழுது, நான் சொல்றேன்." நோட்டை அவள் பக்கம் நகர்த்தினான். "ஒண்ணு மட்டும் நாகு. பாதியில மூடிடாத. எங்கப்பா போனப்ப தந்தி வந்துதுன்னு பாதியில எழுந்து ஓடினேன். அந்த ஒரு மேட்ச்தான் இன்னிக்கு வரைக்கும் முடிவு தெரியாம கெடக்கு."

"மூட மாட்டேன்."

"என்ன ஆனாலும்?"

"அதான் சொல்லிட்டேனே. பந்தைப் பாருங்க."

அவன் தலையை அவள் தோளில் சாய்த்துக்கொண்டான். பந்து விழும்போதெல்லாம் "புள்ளி" என்பான். அவள் வைப்பாள். அவன் புள்ளிகள் கடுகு மாதிரி இருந்தன, அவளுடையவை மிளகு மாதிரி. பத்தாவது இன்னிங்ஸ் போயிற்று. பதினொன்றும் போயிற்று. குரல் மெலிந்துகொண்டே வந்தது, ஆனால் ஒரு பந்தும் தப்பவில்லை.

"புள்ளி."

வைத்தாள்.

"புள்ளி."

வைத்தாள்.

அடுத்த பந்து விழுந்தது. பேனாவைக் காகிதத்துக்கு மேலே பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். இன்னொரு பந்தும் விழுந்தது. அவள் திரும்பவில்லை. தோளில் பாரம் மட்டும் கூடியிருந்தது. கழுத்தில் பட்டுக்கொண்டிருந்த மூச்சு இல்லை.

"என்னங்க," என்றாள் மெதுவாக. பிறகு இன்னொருதரம்.

கூச்சல் போடலாம். போட்டால் எல்லாரும் ஓடி வருவார்கள், விசில் அடிப்பார்கள், ஆட்டம் நின்றுவிடும். நிறுத்தினால் இதுவும் முடிவு தெரியாமல் கிடக்கும். அழுகையைப் பல்லைக் கடித்து விழுங்கினாள். இருடி, இருடி என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். இடது கையால் அவன் இமைகளைத் தடவி மூடினாள். வலது கையால் விட்டுப்போன இரண்டு புள்ளிகளையும் வைத்தாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு பந்துக்கும் அவளே வாய்க்குள் சொல்லிக்கொண்டாள். புள்ளி. புள்ளி. கட்டம் நிறைந்தால் கோடு. அவன் எப்படிப் போடுவானோ அப்படியே. கண்ணீர் விழுந்து மை ஊறிய இடத்தில் திரும்ப எழுதினாள். பக்கம் தீர்ந்தபோது அவன் தலை சரியாமல் பார்த்துக்கொண்டு ஒரே கையால் புரட்டினாள்.

பன்னிரண்டாவது இன்னிங்ஸில், புதுக் கட்டம் ஆரம்பிக்கும்போது, ஒரு நெட்டைப் பையன் மட்டையோடு வந்தான். மூன்று பந்தைத் தொடவில்லை. நாலாவது பந்தில் சத்தம் கேட்டது. ரகுநாதன் ஆறு வருஷமாகக் கேட்காமல் இருந்த அந்தச் சத்தம், கெட்டியாக. பந்து எங்கேயோ போய் விழுந்தது. ஏற்கெனவே பாதி வழியில் நின்றிருந்த ஒருவன் தலைதெறிக்க ஓடி வந்து, கிளம்பிய இடத்தையே காலால் மிதித்தான். ஜெயிக்க வைத்த ரன். எல்லாரும் எழுந்து நின்று கத்தினார்கள்.

நாகலட்சுமி எழுதினாள். 1. கீழே, நாலுக்கு மூன்று.

தொப்பிக்காரி கைதட்டிக்கொண்டே திரும்பினாள். ரகுநாதனைப் பார்த்ததும் கைகள் அப்படியே நின்றன. தொப்பியைக் கழற்றி மார்போடு பிடித்துக்கொண்டு பக்கத்தில் வந்தாள். நாகலட்சுமியின் முழங்கையை மெல்லத் தொட்டாள்.

"அம்மா. ஆட்டம் ஓவர் ஆகிவிட்டது, அம்மா."

நாகலட்சுமி நோட்டைப் பார்த்தாள். கடைசிக் கட்டத்தின் மேல் விரலை வைத்து ஒவ்வொன்றாக எண்ணினாள்.

"இல்லை," என்றாள். "நாலு பந்துதான் ஆயிருக்கு."

பேனாவை மூடினாள். அவன் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுவிட்டு, நாற்காலியின் பிரேக்கைத் தளர்த்தினாள்.