கல்லறைத் தோட்டத்துச் சுவர்

மகள் ஷெரினின் கல்லறைச் சிலுவை மறுபடியும் சாய்ந்திருந்தது. அதைக் கண்டதும் சாம்சனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போன கல்லறைத் திருநாளுக்குத்தான் ரசமட்டம் வைத்து, சுற்றிலும் ஜல்லி போட்டு இறுக்கி, நூல் பிடித்தாற்போல நிறுத்தியிருந்தான். ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் கம்பெனியில் அவன் தறி ஃபிட்டர். கோணலாக ஓடுவதை நேராக்குவதுதான் பிழைப்பு. அப்பேர்ப்பட்டவனை இடுப்பளவு உயரம் இல்லாத ஒரு சிலுவை வருஷா வருஷம் கேலி செய்துகொண்டிருந்தது.

மம்சாபுரத்துக்கு மேற்கே, மலையடிவாரச் சரிவில் இருந்தது அந்தத் தோட்டம். சமதரையெல்லாம் தோப்பும் வயலுமாகப் போனபிறகு செத்தவர்களுக்கு மிஞ்சியது அந்த மேடுதான். அங்கே எல்லாச் சிலுவைகளும் கீழே போகும் தார் ரோட்டை எட்டிப் பார்க்கிற மாதிரி ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்கும். மற்றவர்கள் வெள்ளையடித்து, மாலை போட்டு, மெழுகுவத்தி ஏற்றிவிட்டுப் போய்விடுவார்கள். சாம்சனால் அப்படிப் போக முடியவில்லை. நாலாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த பிள்ளையை டெங்குக் காய்ச்சல் கொண்டுபோனபோது அவன் ஆஸ்பத்திரி வராந்தாவில் கையைப் பிசைந்துகொண்டு நின்றான். இதையாவது நேராக வைத்திருக்க வேண்டாமா?

அண்ணன் மகன் ஆல்வின் சிவில் இன்ஜினியர். விஷயத்தை விளக்குகிறேன் என்று அவன்தான் வாயைத் திறந்தான்.

“சித்தப்பா, சிலுவை சாயல. மண்ணுதான் எறங்குது. மழையில உப்பும், வெயில்ல காயும்போது ஒரு நூல் கீழ தள்ளி உக்காரும். மேல்மண்ணு வேகமாப் போகும், அடிமண்ணு மெதுவாப் போகும். அதான் சாயுது. சரிவுல கெடக்குற மண்ணும் பாறையும் கீழ வரத்தான் செய்யும். பூமி இழுக்குதுல்லா.”

“அப்ப பிள்ளையும் எறங்குதாளா?” என்று கேட்டாள் சாம்சனின் மனைவி பரிபூரணம்.

யாரிடம் பாடம் நடத்திக்கொண்டிருக்கிறோம் என்பது அப்போதுதான் ஆல்வினுக்கு உறைத்தது. “கொஞ்சூண்டுதான் சித்தி,” என்றான். அதற்குச் சும்மாவே இருந்திருக்கலாம். அன்றிலிருந்து பரிபூரணத்துக்குச் சோறு இறங்கவில்லை. மழை பெய்தால் எழுந்து உட்கார்ந்துகொள்வாள்.

சாம்சன் சபைக் கூட்டத்தில் எழுந்து, மண்ணைத் தடுக்கச் சுவர் கட்டியே ஆகவேண்டும் என்று சத்தம் போட்டான். ஒரு மைக் செட் வாங்குவதற்கே ஒரு வருஷம் பேசுகிற சபை, அதிசயமாக உடனே ஒத்துக்கொண்டது. எல்லோருக்கும் அந்தச் சரிவில் ஒருவர் இருந்தார் அல்லவா? ரோட்டோரமாகக் கருங்கல்லில் தாங்குசுவர் எழும்பியது. ஆல்வின் கூடவே நின்று, சுவரின் அடியில் வரிசையாகக் குழாய்கள் பதிக்கச் சொன்னான். மண்ணுக்குள் நிற்கும் தண்ணீர் அதன் வழியாக வெளியே போய்விட வேண்டும், இல்லாவிட்டால் சுவரைத் தள்ளிவிடும் என்றும் சொன்னான். சாம்சன் தலையாட்டினான். பிறகு ஆல்வின் வேறு வேலைக்கு மதுரை போய்விட்டான்.

முதல் மழைக்குக் குழாய்களில் சிவப்பாகத் தண்ணீர் வடிந்தது. வடியத்தானே வைத்தது? ஆனால் ஷெரினுக்கு நேர் கீழே இருந்த குழாயின் முன்னால் பரிபூரணம் நின்றுவிட்டாள். அந்தத் தண்ணீர் ரோட்டில் ஓடி, கரும்பு லாரியின் சக்கரத்தில் ஒட்டிக்கொண்டு போனது. ஒரு ஆடு வந்து நக்கியது.

“ஏங்க, எம்பிள்ளையத் தொட்டுட்டு வார தண்ணில்லா அது! இப்படித் தெருவுல போகுதே. கொஞ்சங் கொஞ்சமா அவளக் கரைச்சிக் கொண்டுட்டுப் போயிருமே!”

சாம்சன் குழாயின் கீழே கையை நீட்டினான். தண்ணீர் வழிந்துபோய் உள்ளங்கையில் கொஞ்சம் வண்டல் தங்கியது. அதை உதறவும் முடியவில்லை, வைத்துக்கொள்ளவும் முடியவில்லை. ஆல்வின் சொன்னது ஞாபகம் இருக்கத்தான் செய்தது. ஒரு குழாய்தானே என்று நினைத்தான். அன்று சாயங்காலமே சிமெண்டைக் குழைத்து அந்த வாயை அடைத்தான். பரிபூரணம் அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பியூலா டீச்சர் அதைப் பார்த்துவிட்டாள். “அண்ணாச்சி, எங்க வீட்டுக்காரவியளுக்குக் கீழ இருக்கிறதையும் அடைச்சு விட்ருங்க,” என்றாள். ராஜரத்தினம் தன் அம்மாவுக்காகக் கேட்டார். இன்னொருவர் தம்பிக்காகக் கேட்டார். தன் பிள்ளைக்குச் செய்துவிட்டு அடுத்தவருக்கு எந்த முகத்தோடு மாட்டேன் என்பது? ஒவ்வொருவருக்கும் அது ஒரே ஒரு குழாய்தான். சாம்சன் சிமெண்ட் பூசும் கொல்லறும் கையுமாக அலைந்தான். எதையும் அரைகுறையாகச் செய்து அவனுக்குப் பழக்கமில்லை. ஆல்வினிடம் யாரும் மூச்சு விடவில்லை.

ஐப்பசியில் மழை விடாமல் அடித்தது. சுவர் வயிறு தள்ளியிருக்கிறது என்று யாரோ சொல்ல, ஆல்வின் மதுரையிலிருந்து போன் போட்டான்.

“சித்தப்பா, குழாயில தண்ணி வருதா?”

சாம்சன் போனை வைத்தான். சுத்தியலையும் உளியையும் எடுத்துக்கொண்டு பைக்கில் பறந்தான். கொட்டுகிற மழையில் மண்டி போட்டு ஷெரினின் குழாயைக் கொத்தினான். சிமெண்ட் லேசில் பெயரவில்லை. அவன் கைவேலை அல்லவா! ஒருவழியாக அது பெயர்ந்தபோது தண்ணீர் அவன் நெஞ்சில் பாய்ந்தது. பக்கத்துக் குழாய்க்குத் தாவினான். தலைக்கு மேலே கல்லும் கல்லும் நெரியும் சத்தம் கேட்டது. சுவரைப் பார்க்க வந்திருந்த ராஜரத்தினம் ஓடிவந்து சட்டையைப் பிடித்து இழுத்து அந்தப் பக்கம் தள்ளினார்.

சுவர் முன்னால் சாய்ந்தது. அதன் பின்னாலேயே சரிவு முழுவதும் கூழாக இறங்கியது. வருஷக்கணக்காக நூல் நூலாக வந்துகொண்டிருந்த மண், சாம்சன் எழுந்து நிற்பதற்குள் வந்து முடிந்திருந்தது. சிலுவைகளும் கருங்கற்களும் உருண்டு ரோட்டை அடைத்துக்கொண்டு கிடந்தன. அவன் “ஐயோ, ஐயோ” என்று கத்தியதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை. செய்ய என்ன இருந்தது?

மழை விட்டதும் ரோட்டைத் திறக்க ஜேசிபி வந்தது. மண்ணையெல்லாம் மேட்டின் உச்சியில் ஒன்றாகப் புதைத்துப் போதகர் ஜெபிப்பதாக ஏற்பாடு. டிரைவர் சேதுபதி வேற்றூர்க்காரன். வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி வந்தான்.

“அண்ணாச்சி, ஒங்க பிள்ளை எங்கன இருக்குன்னு காட்டுங்க. அந்த மண்ண மட்டும் தனியா, பதமா அள்ளி வைக்கேன்.”

சாம்சன் பார்த்தான். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரே செம்மண். பரிபூரணம் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் கையை நீட்டி ஓர் இடத்தைக் காட்டினான்.

“இங்கன.”

“இங்கனதானா?” என்றாள் பரிபூரணம்.

“இங்கனதான்.”

சேதுபதி சாம்சனின் முகத்தை ஒருமுறை பார்த்தான். வேறெதுவும் கேட்காமல் போய் வண்டியில் ஏறி, அந்த இடத்து மண்ணை மெதுவாக அள்ளி ஓரமாக வைத்தான். பரிபூரணம் அதன் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பிடி எடுத்து மடியில் கட்டிக்கொண்டாள். பல நாளுக்குப் பிறகு அவள் முகம் தெளிந்திருந்தது.

“நல்ல வேளைங்க, நீங்க குழாய அடச்சீய,” என்றாள். “அதனாலதான் இம்புட்டாவது நமக்கு மிஞ்சிச்சு.”

சாம்சன் உண்மையைச் சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தான்.

“ஆமா,” என்றுதான் வந்தது.