விசில் சொன்ன வார்த்தை

"நீங்களா வேலைய விட்டீங்க பாருங்க, அதுதான் சிக்கல்," என்றாள் வக்கீல். "அவங்க நிறுத்தியிருந்தா நஷ்டஈடு கேக்குறது சுலபம். இப்ப, இருக்க முடியாம பண்ணிட்டாங்கன்னு நாமதான் நிரூபிக்கணும்."

நாற்காலியில் முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் மருமகள்.

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் ஆறு வருடம் விரிப்புகளை இஸ்திரி போட்டவள் அவள். அங்கே மேற்பார்வையாளனுக்கு 'விசில்' என்றுதான் பட்டப்பெயர். யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டான். நாயைக் கூப்பிடுவதுபோல விசில் அடிப்பான். ஒருநாள் இவள் திரும்பிப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து ரத்தக்கறைத் துணிகளைப் பிரிக்கும் வேலை இவள் தலையில் விழுந்தது. மேலே போய் முறையிட்டாள். "அனுசரிச்சுப் போம்மா" என்றார்கள். கடைசியில் ஏப்ரனைக் கழற்றி வைத்துவிட்டு வந்தாள். நான் தடுக்கவில்லை. எங்கள் வீட்டுப் பெண் விசிலுக்குத் திரும்பத் தேவையில்லை.

"கூட வேலை செஞ்சவங்க சாட்சி சொல்வாங்களா?"

"யாரும் வரமாட்டாங்க மேடம். அவங்க அங்கதானே பொழைக்கணும்."

"அவன் பேசினத வேற யாராவது கேட்டிருக்காங்களா?"

மருமகள் என்னைப் பார்த்தாள். நான் சுவர்க் காலண்டரைப் பார்த்தேன்.

என்னைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போக அரைநாள் லீவு கேட்டிருந்தாள். அதற்குத்தான் அவன் வீட்டுக்கே போன் செய்தான். அவள் கையெல்லாம் சோப்பு, ஸ்பீக்கரில் போட்டாள். மறுநாளே வேலையை விட்டாள்.

வக்கீல் பேனாவை எடுத்தாள். "என்ன சொன்னான் ஐயா?"

"மரியாதையில்லாம பேசினான்."

"அது போதாதுங்க. வார்த்தை அப்படியே வேணும்."

"என் வாயில அது வராதும்மா."

"காதுல விழுந்துச்சுல்ல?"

சுர்ரென்று ஏறியது எனக்கு. பஸ் பணிமனையில் நாற்பது பேரை வைத்து வேலை வாங்கியவன் நான். ஒருவனையும் 'டா' போட்டதில்லை.

"விடுங்க மாமா," என்றாள் மருமகள். "கேஸே வேணாம். வேற வேலை பாத்துக்கிறேன்."

"பாருங்க," என்றாள் வக்கீல். "புது இடத்துல உங்களப் பத்தி இவன்கிட்டதான் விசாரிப்பாங்க. வேலை தெரியாதவ, ஓடிட்டான்னு சொல்வான்."

ஓடிவிட்டாளாம்! எங்கள் வீட்டுப் பெண்ணா!

"எழுதிக்கம்மா," என்றேன். "'உன் வீட்டுல தண்டச்சோறு தின்னுற பெரியவருக்குக் கண்ணு தெரிஞ்சா என்ன, தெரியாட்டி என்ன.'"

"என்ன சோறு? சரியா கேக்கல ஐயா."

"தண்டச்சோறு!"

வெளியே காத்திருந்தவர்கள் எல்லாம் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். அவள் நிதானமாக எழுதி முடித்தாள்.

"விசாரணையில அவன் எதிர்லயும் இதையே சொல்லணும். ஒரு வார்த்தை மாறினாலும் பொய்ச் சாட்சின்னு புடிச்சுக்குவாங்க."

மாடிப்படி பாதி இறங்கியதும் மருமகள் நின்றாள்.

"மாமா... அவன் பெரியவர்னா சொன்னான்?"

"பின்ன?"

"கெழம்னு சொன்னான்."

"எனக்குத் தெரியாதா? மரியாதையா இருக்கட்டுமேன்னு மாத்தினேன்."

"அவன் எதிர்ல மாட்டிக்குவீங்க மாமா."

கீழே தெரு தெரிந்தது. மேலே வக்கீல் அறைக் கதவு இன்னும் திறந்தே இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, கைப்பிடியைப் பற்றி, மறுபடி மேலே ஏறினேன்.