மார்த்தா லெங்கின் கல்யாணம்

எட்டுக் குழந்தைகளின் பிறப்பும் ஒரே மையில் எழுதப்பட்டிருந்தது. 1862-இல் பிறந்த ஆம்ப்ரோஸ் தொடங்கி 1876-இல் பிறந்த கடைக்குட்டி வரை பதினான்கு வருடம். பேனா மாறவில்லை, கையெழுத்து மாறவில்லை. வினிஃப்ரெட் ஸ்டோதர்டின் சமையலறை மேசையில் அந்தக் குடும்ப பைபிளை விரித்துவைத்துக்கொண்டு, மாட்டினாயா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். ஹல் துறைமுகத்தில் முப்பத்தொரு வருடம் சுங்க அதிகாரியாக இருந்து பெட்டிகளைக் கவிழ்த்துப் பார்த்தவன் நான். ஒழுங்காக மடித்துவைத்த சட்டையைத்தான் முதலில் உதறுவேன்.

"என்ன மிஸ்டர் பிக்கரிங், பைபிளுக்குள்ள பிராந்தி பாட்டில் ஏதும் ஒளிச்சு வெச்சிருக்கேனா?" என்றாள் வினிஃப்ரெட், தேநீரை என் முன்னால் நகர்த்தியபடி.

"எல்லாம் ஒரே நாள்ல எழுதின மாதிரி இருக்கே."

"ஒரே நாள்லதான் எழுதினாங்களாம். கொள்ளுப்பாட்டி மார்த்தா பழைய பைபிளைத் தூக்கி அடுப்புல போட்டுட்டு, புதுசு வாங்கி உட்கார்ந்து எழுதினாங்கன்னு எங்கம்மா சொல்லுவாங்க. ஏன்னு கேக்க யாருக்கும் தைரியம் வரல."

பைபிளை அடுப்பில் போட்டதாகச் சொல்லும் குடும்பத்தை எப்படி நம்புவது? தலையை மட்டும் ஆட்டிவைத்தேன்.

ஜோசையா ஹெபிள்வைட் ரீகாவிலிருந்து மரம் இறக்கிப் பணக்காரரானவர். எங்கள் ஊரில் பாதி வீடுகளின் தரைப்பலகை அவர் கப்பலில் வந்ததுதான். பணம் சேர்ந்த பிறகு போக்கிடமில்லாதவர்களுக்காகப் பன்னிரண்டு செங்கல் வீடுகளைக் கட்டி அறக்கட்டளைக்கு எழுதிவைத்தார். அவருடைய வாரிசுக்குத்தான் அதில் முதல் உரிமை. ஒரு வீடு காலியானால் போதும், ஊரில் ஹெபிள்வைட்கள் முளைத்துவிடுவார்கள். உண்மையா என்று விசாரிப்பது ஓய்வுக்குப் பிறகு என் வேலை. வினிஃப்ரெடுக்கு வயது எழுபத்தொன்று. அவள் குடியிருந்த வீட்டை உரிமையாளர் விற்றுவிட்டார். மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். அதற்குப் பிறகு லீட்ஸில் மகன் வீட்டுச் சோபாதான். மருமகளுக்கும் அவளுக்கும் ஒத்தே வராது.

ஜோசையாவின் மகன் ஆம்ப்ரோஸ்தான் அவளுடைய தாத்தா என்பது ஒரே வாரத்தில் உறுதியாகிவிட்டது. அதில் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். விடாமல் நூலகத்தில் மக்கள்தொகைக் கணக்கின் மைக்ரோஃபிலிமைச் சுழற்றினேன். ஜோசையாவின் மனைவி இலைசா 1860-இல் இறந்திருந்தாள். அடுத்த வருடக் கணக்கில் அதே வீட்டில் 'மார்த்தா லெங், மனைவியின் தங்கை, வீட்டை நிர்வகிப்பவள்' என்றிருந்தது. பத்து வருடம் கழித்து எடுத்த கணக்கில் அதே மார்த்தா 'மனைவி' ஆகியிருந்தாள். இரண்டுக்கும் நடுவில் கல்யாணம்? ஹல்லில் இல்லை, யார்க்கில் இல்லை, லண்டனில் இல்லை. இருக்கவும் முடியாது. இறந்துபோன மனைவியின் தங்கையைக் கட்டிக்கொள்ள அன்றைய சட்டம் விடவில்லை. ஜோசையா கட்டாமலேயே குடும்பம் நடத்தியிருக்கிறார். பழைய பைபிள் அடுப்புக்குப் போன காரணமும் புரிந்தது, மனைவி என்று அதில் இலைசாவின் பெயர்தானே இருந்திருக்கும்.

அறக்கட்டளையின் அச்சிட்ட விதிப்புத்தகத்தில் 'சட்டப்படிப் பிறந்த வாரிசுகள்' என்று தெளிவாக இருந்தது. அதை எடுத்துக்கொண்டு போய் வினிஃப்ரெடிடம் படித்துக் காட்டினேன்.

அவள் அழவில்லை. மேசைவிரிப்பின் ஓரத்தை நீவிக்கொண்டே இருந்தாள். "அப்போ எட்டுப் பிள்ளைங்களும்..."

"ஆமா."

"மூணு தலைமுறைக்கு முன்னாடி அவங்க மோதிரம் மாத்திக்கல. அதுக்கு நான் இப்ப தெருவுல நிக்கணுமா?" நிமிர்ந்து பார்த்தாள். "சந்தோஷமா மிஸ்டர் பிக்கரிங்? கண்டுபிடிச்சுட்டீங்க."

சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை நினைத்து பஸ்ஸில் வீடு வரும்வரை கூசிப்போனேன்.

அறக்கட்டளைத் தலைவி திருமதி கில்விங்டனிடம் தொலைபேசியில் சொன்னேன். "அப்பாடா! அருமையா பண்ணியிருக்கீங்க. இதோட மூடிடுங்க. பழைய பத்திரத்தையெல்லாம் கிளறிட்டு இருக்காதீங்க, தூசி உங்களுக்கு ஆகாது" என்றாள். அதுவரை பழைய பத்திரம் என்று ஒன்று இருப்பதே எனக்குத் தோன்றவில்லை. இந்தப் பெட்டியில் ஒன்றுமில்லை சார் என்று தானாகவே சொல்பவனின் பெட்டியைத் திறக்காமல் நான் விட்டதே இல்லை. அவளுக்கு என் மூச்சுக்குழாயின்மேல் என்ன திடீர் அக்கறை?

மறுநாள் அறக்கட்டளை வக்கீல் அலுவலகத்தின் நிலவறையில் 1868-ஆம் வருட மூலப் பத்திரத்தை வாங்கிப் பிரித்தேன். அச்சுப்புத்தகம் 1931-இல் வந்தது. அதில் இருந்த 'சட்டப்படிப் பிறந்த' என்ற சொற்கள் பத்திரத்திலும் இருந்தன, ஆனால் குறுக்கே தடித்த கோடு ஓடியது. ஓரத்தில் ஜோசையாவின் சுருக்கொப்பம். குமாஸ்தா வழக்கம்போல எழுதிவைத்ததை மனிதர் தன் கையாலேயே அடித்திருக்கிறார். அறுபது வருடம் கழித்து யாரோ அதைத் திரும்பச் சேர்த்திருக்கிறார்கள். கவனக்குறைவாகவா, வேண்டுமென்றேவா, தெரியாது. எனக்கு நல்ல எண்ணம் வரவில்லை.

நகல் எடுத்துக்கொண்டு நேராக வினிஃப்ரெடின் வீட்டுக்குப் போனேன். கோப்பைகளைச் செய்தித்தாளில் சுற்றி அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். என்னை உட்காரச் சொல்லவில்லை. நின்றுகொண்டே நகலை நீட்டினேன்.

"இன்னும் என்ன பாக்கி? நாங்க கடல் கொள்ளைக்காரங்கன்னு கண்டுபிடிச்சீங்களா?"

"படிங்க. வியாழக்கிழமை அறக்கட்டளைக் கூட்டத்துல நானே எடுத்து வைக்கிறேன். ஒத்துக்குவாங்களான்னு சொல்ல முடியாது. கில்விங்டன் சும்மா விடமாட்டா."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெல்லப் படித்தாள். அடித்த இடத்தில் நின்றாள். பிறகு கீழே சாட்சிகள் கையெழுத்திட்ட இடத்துக்கு வந்தவள், கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தாள்.

"இது அவங்களா?"

வக்கீலும் குமாஸ்தாவும் ஒரு மூலையில் சின்னதாகக் கிறுக்கியிருந்தார்கள். அவர்களுக்குக் கீழே மூன்றாவது சாட்சி, எந்தச் சட்டமும் தனக்குத் தராத பெயரை முழுசாக எழுதியிருந்தாள்: மார்த்தா ஹெபிள்வைட். எழுத்துகள் அவ்வளவு பெரிதாக இருந்ததால் தாளில் இடம் போதவில்லை. கடைசி இரண்டு எழுத்துகள் ஓரத்தில் வளைந்து கீழே இறங்கியிருந்தன. வினிஃப்ரெட் அந்த வளைவின்மேல் விரலை வைத்தாள், எடுக்கவில்லை.