நார்பர்ட் சீவிய நம்பர்

ரோமன் ஜெலின்ஸ்கிக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு குறைதான். ஆனால் அதைக் கேட்டுக் கேட்டே பே சிட்டி ஊரில் பாதிப் பேருக்குக் காது புளித்துப் போயிருந்தது. அவரிடம் எழுபதாம் வருஷத்து செவெல் கார் ஒன்று உண்டு. இருப்பதிலேயே பெரிய எஞ்சினோடு கொஞ்சமே கொஞ்சம் செய்து விற்றார்களே, அந்த ரகம். சிவப்பு உடம்பு, பானெட்டில் இரண்டு கறுப்புப் பட்டை. கதவு, கண்ணாடி, ரேடியோ, சீட் துணி எல்லாமே தொழிற்சாலையிலிருந்து வந்தபோது இருந்தவை. எஞ்சின் மட்டும் வேறொன்று.

ஓடுகிறதே, அப்புறம் என்ன என்று வெளியாள் கேட்பான். அவனுக்கு என்ன தெரியும்! இந்தக் கார்ப் பைத்தியங்களுக்கு ஓடுவதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. உடம்பில் அடித்த நம்பரும் எஞ்சினில் அடித்த நம்பரும் ஒன்றாக இருந்தால்தான் அது கார். இல்லாவிட்டால் கார் மாதிரி ஒன்று. எஞ்சினின் முன்பக்கம், மேல்முகத்தின் ஓரத்தில் விரல் அகலத்துக்கு ஒரு சமதளம் இருக்கும். ஜாதகம் மொத்தமும் அதில்தான். கண்காட்சிக்குப் போனால் நடுவர்கள் பெயிண்டைப் பார்ப்பதற்கு முன் டார்ச் அடித்து அந்த இடத்தைத்தான் பார்ப்பார்கள்.

ரோமன் அந்த எஞ்சினைத் தன் கையாலேயே கழற்றிக் கொடுத்தவர். வேலை போன வருஷம் அது. பெட்ரோலுக்குத் தெருக்கோடி வரை வரிசை, வீட்டில் மனைவி மாசமாக இருந்தாள், அந்த எஞ்சினோ பெட்ரோலைத் தண்ணீராகக் குடித்தது. மாதாகோயில் பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த நார்பர்ட்டுக்கு அப்போது மண்தடத்தில் கார்ப் பந்தயம் ஓட்டும் கிறுக்கு. கேட்டார், ரோமன் கொடுத்துவிட்டார். பின்னால் இதெல்லாம் பொக்கிஷமாகும் என்று அன்றைக்கு எவனுக்குத் தெரிந்தது?

காலம் போய், ஆசை வந்து, எஞ்சினைத் திருப்பித் தா என்று ரோமன் கேட்டபோது நார்பர்ட் தலையைச் சொறிந்தார்.

"அது ஒஹாயோ ரேஸ்ல வெடிச்சு சிதறிடுச்சுடா. பழைய இரும்புக்குப் போட்டுட்டேன்."

போனது போனதுதான். அதற்காக நட்பு விட்டுப்போகவில்லை. ஞாயிறு பூசை முடிந்ததும் ரோமன் நேராக நார்பர்ட் வீட்டு கராஜுக்குத்தான் போவார். நார்பர்ட்டின் மனைவி டெல்பின், சுட்ட கீல்பாசா இறைச்சியைத் தட்டில் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். ஆளுக்கொரு பீர். அப்புறம் ரோமன் ஆரம்பிப்பார். அந்த எஞ்சின் இருந்திருந்தால், அந்தச் சத்தம் மட்டும் திரும்பக் கிடைத்தால் என்று வருஷக்கணக்காக அதே புலம்பல். நார்பர்ட் தரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருப்பார். இவ்வளவு பொறுமையான மனுஷன் ஊரில் உண்டா என்று ரோமன் நினைத்துக்கொள்வார்.

தவக்காலத்தில் நார்பர்ட் போய்ச் சேர்ந்தார். ஈஸ்டர் கழிந்த வாரம் டெல்பின் கூப்பிட்டனுப்பினாள். பின்கட்டு ஷெட்டைத் திறந்து, புல்வெட்டும் மெஷினை நகர்த்தி, மூலையில் கிடந்த தார்ப்பாயை விலக்கினாள். எஞ்சின்.

"போறதுக்கு முந்தி சொன்னாரு. இது ரோமனோடது, அவன்கிட்ட குடுத்துடுன்னு. வேற ஒண்ணும் சொல்லல."

ரோமன் எஞ்சினருகே போனார். மண்டியிட்டு, சட்டைப்பையிலிருந்த கைக்குட்டையாலேயே அந்த ஓரத்தைத் துடைத்தார். வழவழவென்று இருந்தது. மறுபடி துடைத்தார். ஓர் எழுத்து இல்லை, ஓர் எண் இல்லை.

அவருக்குப் புரிந்துவிட்டது. பந்தயக்காரர்கள் செய்வதுதான். மேல்முகத்தை மெஷினில் ஒரு மயிரிழை சீவினால் எஞ்சினுக்கு வலு கூடும். அந்தச் சீவலோடு நம்பரும் போய்விடும். நார்பர்ட் சீவியிருக்கிறார். அதன் மதிப்பு தெரிய வந்தபோது சொல்ல வாய் வராமல் வெடித்துவிட்டது என்று கதை கட்டியிருக்கிறார். அந்தக் கதையை வைத்துக்கொண்டு அத்தனை ஞாயிறும் இவர் எதிரில் உட்கார்ந்து பீர் குடித்திருக்கிறார், படுபாவி.

ரோமன் டெல்பினிடம் சொல்லிக்கொள்ளக்கூட இல்லை. விடுவிடுவென்று வீட்டுக்குப் போனார். இத்தனை வருஷம் பொய் சொன்னவன் கடைசியில் சொன்னது மட்டும் நிஜமா? அதே ரக எஞ்சின் நாட்டில் இன்னும் எத்தனையோ கிடக்கிறது. எவனுடையதையோ தலையில் கட்டிவிட்டுப் போயிருந்தால்?

சந்தேகம் ஒருபுறம் இருந்தாலும் ஆசை விடவில்லை. கார் சங்கத்தில் மெர்ல் என்று ஒரு ஆள். தொழிற்சாலை அச்சு மாதிரியே நம்பர் அடிக்கும் உளிகள் அவரிடம் இருந்தன. விஷயத்தைக் கேட்டதும் அவர் தோளைக் குலுக்கினார். உன் எஞ்சின், உன் நம்பர், இருந்ததைத்தானே திரும்ப அடிக்கப் போகிறோம், இதில் என்ன பொய் என்றார். ரோமனுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. மெர்லைச் சனிக்கிழமை வரச் சொல்லிவிட்டு, எஞ்சினை எடுத்துவர டெல்பின் வீட்டுக்கு வண்டியோடு கிளம்பினார்.

ஏற்றுவதற்கு முன்னால் எந்த நிலைமையில் இருக்கிறது என்று பார்க்க வேண்டுமே. இத்தனை காலம் ஈர ஷெட்டில் கிடந்த எஞ்சின் உள்ளே துருப்பிடித்து இறுகிப் போயிருக்கும், கடப்பாரை போட்டாலும் அசையாது. ரோமன் நீளமான ஸ்பானரை முன் போல்ட்டில் மாட்டி, முழு பலத்தையும் கூட்டி அழுத்தினார்.

எஞ்சின் சுழன்றது. எதிர்பாராமல் வழிவிட்டதில் அவரே தடுமாறி விழப் பார்த்தார். மறுபடி மெல்லச் சுற்றினார். வெண்ணெயாய்ச் சுழன்றது. ஸ்பார்க் பிளக் ஒன்றைக் கழற்றி உள்ளே விரலை விட்டார். புது எண்ணெய்.

வாசலில் நின்ற டெல்பினிடம், இதை யார் தொட்டது என்று கேட்டார்.

"அவருதான். நீ கிளம்பிப் போனதும் ஷெட்டுக்குள்ள போயிடுவாரு. எண்ணெய் விட்டு, சுத்தி விட்டுட்டு வருவாரு. ஆஸ்பத்திரிக்குப் போற வரைக்கும் ஒரு ஞாயித்துக்கிழம விட்டதில்ல. என்னத்துக்கு இதுன்னு கேட்டா கோவிச்சுக்குவாரு."

ரோமன் ஸ்பானரைப் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டார். எவனோ ஒருத்தனின் எஞ்சினுக்கு எவனாவது இப்படிச் செய்வானா? இது தன்னுடையதுதான். இனி எந்த நம்பரும் அதைச் சொல்ல வேண்டியதில்லை. அதைவிட, நார்பர்ட் ஒருநாள் வாயைத் திறந்திருந்தால் இருவருமாகச் சேர்ந்து இதைச் செவெலில் மாட்டி ஏரிக்கரை வரை ஓட்டியிருக்கலாமே என்ற நினைப்புதான் திரும்பத் திரும்ப வந்தது. டெல்பின் முன்னால் வெட்கப்படாமல் அழுதார். மெர்லுக்குப் போன் செய்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

கோடையில் அந்த எஞ்சினையே செவெலில் மாட்டிக் கண்காட்சிக்கு வண்டியைக் கொண்டுபோனார். நடுவராக வந்தவள் சின்னப் பெண். டார்ச் அடித்துப் பார்த்தாள், விரலால் தடவினாள், முகம் வாடினாள். மற்றதெல்லாம் இவ்வளவு அசலாக இருக்கும்போது இது மட்டும் இப்படி ஆகிவிட்டதே, நம்பர் எப்படிப் போனது என்று கேட்டாள். சிநேகிதன் சீவிவிட்டான் என்றார் ரோமன்.

"நானா இருந்தா அவரைச் சும்மா விட்டிருக்க மாட்டேன்," என்றாள் அவள்.

"நானும் விடமாட்டேன்மா. அவனைப் பிடிச்சு உலுக்கி, ஒரு நாள் பூரா சண்டை போடணும். ஆள் எங்க இருக்கான்?"

அவள் மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டு அடுத்த வண்டிக்குப் போனாள்.